பச்சை டிக் அச்சில் வராது

சிங்கப்பூர் யூபி வட்டாரத்தில் ஏர்கான், மின்சார வேலைகளை எடுத்துச் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. கொட்டேஷன் அனுப்புவது, பெரிய கான்ட்ராக்டரிடம் வேலை உத்தரவு வாங்குவது, கூடுதல் வேலைக்குக் கையெழுத்து வாங்குவது, பணம் வருகிற வரை அவர்களை விடாமல் நச்சரிப்பது எல்லாம் என் மேசையில்தான். முன்பெல்லாம் ஒரு கையெழுத்துக்காக லாரி டிரைவரிடம் கவரைக் கொடுத்து துவாஸ் வரை அனுப்பியிருக்கிறோம். கொரோனா காலத்தில் சைட் ஆபீஸ்களைப் பூட்டினார்களே, அதிலிருந்து எல்லாம் பிடிஎஃப் ஆகிவிட்டது.

அந்தப் பிடிஎஃப்களில் மூன்று ரகம் பார்க்கிறேன். பேனாவால் போட்டு ஸ்கேன் செய்தது ஒன்று. கையெழுத்தைப் படமாக வெட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போதெல்லாம் வேர்டில் ஒட்டி அனுப்புவது இன்னொன்று. மூன்றாவதுதான் அசல் டிஜிட்டல் கையொப்பம். திரையில் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் மூன்றாவதுதான் கண்ணுக்கு மட்டமாக இருக்கும், ஒரு கட்டத்துக்குள் பெயரும் தேதியும் மட்டும் உட்கார்ந்திருக்கும். எங்கள் முதலாளிக்கு அது பிடிப்பதே இல்லை. “என்னம்மா, கையெழுத்தையே காணோம், சாப் எங்கே?” என்பார். சாப் என்று இங்கே சொல்வது கம்பெனி ரப்பர் ஸ்டாம்பை. 2017 மார்ச்சிலிருந்து சிங்கப்பூர்க் கம்பெனிகளுக்குப் பொது முத்திரையே கட்டாயமில்லை. ரப்பர் ஸ்டாம்பையோ யார் வேண்டுமானாலும் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஆனாலும் சாப் விழாத காகிதத்தை அவர் காகிதமாக மதிப்பதில்லை.

முதல் இரண்டு ரகத்திலும் கையெழுத்துக்கும் மேலே இருக்கும் எழுத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். மேலே உள்ள தொகையை மாற்றினால் கீழே உள்ள படம் அப்படியே சிரித்துக்கொண்டு இருக்கும்.

மூன்றாவது ரகத்தில், கோப்பு முழுவதையும் ஒரு கணக்கீட்டில் விட்டு ஒரு சிறிய எண்ணை எடுக்கிறார்கள். ஹாஷ் என்று பெயர். இன்று பரவலாகப் புழங்கும் எஸ்எச்ஏ-256 முறையில் அது எப்போதும் 256 பிட், எழுதிப் பார்த்தால் 64 எழுத்து. ஒரு பக்கக் கடிதத்துக்கும் ஐந்நூறு பக்க டெண்டருக்கும் அதே 64தான். கையொப்பமிடுபவரின் ரகசியச் சாவியை (அவரிடம் மட்டும் இருக்கும் ஒரு நீண்ட எண்) கொண்டு அந்த ஹாஷின் மேல் இன்னொரு கணக்குப் போட்டு, விடையைக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அந்தச் சாவிக்கு ஜோடியாக ஒரு பொதுச் சாவி உண்டு. அது ஊருக்கே தெரியலாம். கோப்பைத் திறக்கிறவரின் கணினி ஹாஷை மறுபடி கணக்கிட்டு, பொதுச் சாவியை வைத்து, உள்ளே இருக்கும் விடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. ஒத்துப்போனால், அந்த ரகசியச் சாவியால்தான் கையொப்பம் விழுந்திருக்கிறது, விழுந்த பிறகு உள்ளே எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். சாவி இன்னாருடையது என்று சொல்ல மட்டும் ஒரு மூன்றாம் ஆள் வேண்டும். அதற்குத்தான் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள். சிங்கப்பூரில் நெட்ரஸ்ட் 1997-லேயே அந்த வேலையில் இறங்கிவிட்டது. யோசனை அதைவிடப் பழசு. டிஃபியும் ஹெல்மனும் 1976-ல் எழுதினார்கள், ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் 1977-ல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் ஸ்டோரில் இருக்கும் ஒரு பையன் இதை நம்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செய்து காட்டினேன். நோட்பேடில் ‘மொத்தம் 1,800 வெள்ளி’ என்று ஒரு வரி அடித்துச் சேமித்தேன். விண்டோஸிலேயே செர்ட்யூடில் என்றொரு கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரோடு எஸ்எச்ஏ-256 என்றும் கொடுத்தால் அந்த ஹாஷைச் சொல்லிவிடும். 64 எழுத்து வந்தது. பிறகு 8-ஐ அழித்து 3 போட்டு மறுபடி ஓட்டினோம். முதலில் வந்ததற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. “ஒரே ஒரு நம்பர்தானேக்கா மாத்துனோம்?” என்று திரும்பத் திரும்ப வேறு வேறு எண் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், சாப்பாடு ஆறிப்போகும் வரை.

இந்தக் கணக்கெல்லாம் காசாக மாறிய ஒரு இடம் உண்டு. ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஏர்கான் குழாய் செல்லும் பாதையை நடுவில் மாற்றச் சொன்னார்கள். கூடுதல் வேலை, அதற்கு விஓ, அதாவது வேலை மாற்றத்துக்கான உத்தரவு. 18,600 வெள்ளிக்கு அவர்களுடைய ப்ராஜெக்ட் மேனேஜர் டிஜிட்டலாகக் கையொப்பமிட்டு மின்னஞ்சலில் அனுப்பினார். வேலையும் முடிந்தது. பில் போட்டால் 16,800 என்று கணக்கிட்டு, மீதிக்குக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்டதற்கு அவர்களுடைய கியூஎஸ் (வேலை அளவையும் செலவையும் கணக்கிடுபவர்) தங்கள் பிரதியை அனுப்பினார். அதில் பளிச்சென்று 16,800. கீழே அதே மேனேஜரின் அதே கட்டம், அதே தேதி. எங்கள் முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என்னிடம் இருந்ததை அச்சடித்து, அவர்களுடையதையும் அச்சடித்து, இரண்டையும் மேசையில் போட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு தாளும் ஒரே தரம்.

மறுநாள் டீம்ஸில் கூட்டம். என் திரையைக் காட்டி, முதலில் அவர்கள் அனுப்பிய கோப்பை அக்ரோபேட் ரீடரில் திறந்தேன். இடது பக்கம் கையொப்பப் பட்டியலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. அந்தக் கட்டம் வெறும் படம். பிறகு எங்களுடையதைத் திறந்தேன். மேலே நீலப் பட்டையில் கையொப்பம் செல்லும் என்று வந்தது. பட்டியலில் மேனேஜரின் பெயர், போட்ட நேரம் நொடி வரைக்கும், அதன் கீழே ‘கையொப்பமிட்ட பிறகு ஆவணம் மாற்றப்படவில்லை’ என்ற வரி. அதோடு பேச்சு முடிந்தது. அவர்கள் பக்கம் யாரோ பிடிஎஃப் எடிட்டரில் தொகையைத் ‘திருத்தி’, அதை மறுபடி பிடிஎஃபாக அச்சிட்டு ஃபோல்டரில் போட்டிருக்க வேண்டும். யார், எதற்கு என்று நான் கிளறவில்லை. அடுத்த பில்லில் மீதி 1,800 வந்து சேர்ந்தது.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது மின்னஞ்சலில் வந்த கோப்பு கைபடாமல் இருந்ததுதான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபீஸ் வேலையில் நாம் பழக்கத்தில் செய்யும் பாதிக் காரியம் டிஜிட்டல் கையொப்பத்தைக் கொன்றுவிடும். விஓவையும் வரைபடத்தையும் ஒரே பிடிஎஃபாகச் சேர்ப்போம், போச்சு. மின்னஞ்சலில் போகவில்லை என்று ஏதாவது இலவசத் தளத்தில் கொடுத்து எடையைக் குறைப்போம், போச்சு. பாஸ்வேர்டை எடுக்க ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ கொடுப்போம், சுத்தமாகப் போச்சு. கட்டமும் பெயரும் அப்படியே தெரிவதால் போனது தெரியவே தெரியாது, சண்டை வரும் நாளில்தான் தெரியும். நான் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் ‘மூலம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். வந்த கோப்பு வந்த பெயரிலேயே அதற்குள் போகும். சேர்ப்பது, சுருக்குவது, அடிக்கோடு போடுவது எல்லாம் பிரதியில்தான். வந்த மின்னஞ்சலையும் அழிக்க மாட்டேன். கணக்கு ஆவணங்களை எப்படியும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், அதோடு இதுவும் கிடக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வரவேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அது கோப்பைத் தொடாது. போட்டோவாக வந்தால் அது போட்டோதான், அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

சாப் பிரியர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சாப், பக்க எண், லெட்டர்ஹெட் எல்லாவற்றையும் முதலில் போட்டு முடித்துவிட்டு, கடைசியாகக் கையொப்பமிடுங்கள். கையொப்பம் விழுந்த பிறகு சாப் படத்தை ஒட்டினால், கையொப்பத்துக்குப் பின் மாற்றம் நடந்திருக்கிறது என்று மென்பொருள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். எங்கள் முதலாளியை இப்போது இந்த வரிசைக்குப் பழக்கிவிட்டேன்.

இரண்டு பேர் போடவேண்டிய ஒப்பந்தத்தில் இன்னொரு தொல்லை. கையொப்பமிடும் ஜன்னலில் ‘இதற்குப் பின் ஆவணத்தைப் பூட்டு’ என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் போடுகிறவர் அதை டிக் செய்துவிட்டால் அடுத்தவர் போட முடியாது, திரும்ப முதலிலிருந்து வரவேண்டும். கடைசி ஆள் மட்டும்தான் அதைத் தொடவேண்டும். பூட்டாமல் விட்டால் இரண்டாம் கையொப்பம் முதலாவதைக் கெடுக்காது. பிடிஎஃப் கோப்பில் புதிதாகச் சேர்வது பழையதன் வாலில்தான் ஒட்டிக்கொள்ளும். முதல் ஆள் போட்டபோது ஆவணம் எப்படி இருந்தது என்பதைப் பட்டியலிலிருந்தே திறந்து பார்க்கவும் முடியும். ஒப்பந்தம் சுற்றி வந்து சேரும்போது நான் அதைக் கட்டாயம் திறந்து பார்ப்பேன்.

சரிபார்ப்பதற்கு க்ரோமை நம்பாதீர்கள். அது பக்கத்தைக் காட்டும், கையொப்பத்தைச் சோதிக்காது. அக்ரோபேட் ரீடர் இலவசம்தான். அதில் திறந்து நான் பார்ப்பது யார் பெயர், மாற்றம் உண்டா, சான்றிதழ் கொடுத்தது யார் என்பவற்றை. பலர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். அக்ரோபேட்டில் யாரும் தனக்குத்தானே ஒரு சான்றிதழ் உருவாக்கிக்கொள்ளலாம், எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம். எங்கள் முதலாளி பெயரில் நானே இப்போது ஒன்று செய்துவிடுவேன். அப்படிப் போட்டது நம்மிடம் வந்தால் ‘அடையாளம் உறுதியில்லை’ என்று மஞ்சளில் வரும். அந்த மஞ்சள் தொந்தரவாக இருக்கிறதென்று ‘இந்தச் சான்றிதழை நம்பு’ என்பதை அழுத்தித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தினால் பச்சையாகிவிடும்தான், நீங்கள் சொன்னதால் ஆகும்.

மென்பொருளும் புதுசாக இருக்கட்டும். 2019-ல் ஜெர்மனியின் போகும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கையொப்பமிட்ட ஒரு பிடிஎஃபின் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு, கையொப்பம் செல்லும் என்றே காட்ட வைத்தார்கள். அவர்கள் சோதித்த 22 கணினி மென்பொருள்களில் 21 ஏமாந்தன. கணக்கு உடையவில்லை. கையொப்பம் கோப்பின் எந்தப் பகுதி வரை மூடுகிறது என்பதைப் பார்க்க வேண்டிய இடத்தில் அந்த மென்பொருள்கள் கோட்டை விட்டிருந்தன. நிறுவனங்கள் பிறகு சரிசெய்தன. பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. சான்றிதழ் கொடுக்கிறவர்களும் கடவுள் இல்லை. 2011-ல் டச்சு நிறுவனமான டிஜினோட்டாருக்குள் புகுந்து பொய்ச் சான்றிதழ்கள் எடுத்துவிட்டார்கள், அதே ஆண்டில் அந்த நிறுவனம் திவாலானது.

சான்றிதழுக்கு ஆயுளும் உண்டு. சில ஆண்டுகளில் காலாவதியாகும். போட்ட அன்று சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு வெளியாள் ஒருவர் தரும் நேர முத்திரையும், அன்றைய சான்றிதழ் நிலவரமும் கோப்புக்குள்ளேயே இருக்கவேண்டும். அக்ரோபேட்டில் ‘எல்டிவி’ என்று குறிப்பு வந்தால் அது இருக்கிறது என்று பொருள். நீண்ட கால வாரண்டி, பராமரிப்பு ஒப்பந்தம் போன்றவற்றுக்கு அதைக் கேட்டு வாங்குகிறேன். இல்லையென்றால் நேரம் என்று காட்டுவது போட்டவரின் கணினிக் கடிகாரம் சொன்ன நேரம்தான்.

இனி இ-ஆதார். ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போனால் யாராவது ஒரு தம்பி போனை நீட்டுவார்: “அக்கா, ஆதார் இறக்குனேன், கையெழுத்து சரியில்லைன்னு வருது.” பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, பிறந்த ஆண்டையும் சேர்த்தால் கோப்பு திறக்கும். திறந்ததும் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி. ஆதார் பொய்யில்லை. இந்தியாவின் சான்றளிப்பு முறையின் வேர்ச் சான்றிதழை அந்த ரீடர் தானாக நம்புவதில்லை, அதனால் யாரென்று தெரியவில்லை என்கிறது. கணினியில் திறந்து, கையொப்பத்தைச் சொடுக்கி, விவரங்களுக்குள் போய், சான்றிதழ் வரிசையைப் பார்த்து, அதை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து மறுபடி சோதித்தால் பச்சை டிக் வந்துவிடும். இங்கே மட்டும் ‘நம்பு’ என்பதை அழுத்தச் சொல்கிறேன், காரணம் கோப்பை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து அவரே தன் ஓடிபி போட்டு இறக்கியிருக்கிறார். வேறு யாரோ அனுப்பிய ஆதாருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இதுவரை சரி. ஆனால் ஊரில் சில அலுவலகங்கள் ‘பச்சை டிக் தெரிகிற மாதிரி கலர் பிரின்ட்’ கேட்கின்றன. அதற்காகவே அச்சுக்கடையில் வரிசை நிற்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். அந்த டிக் உங்கள் கணினியில், அந்த நிமிடத்தில், கணக்குப் போட்டுப் பார்த்து வந்த பதில். தாளில் போனபின் அது பச்சை மை. தே தாரிக்கை, அதாவது இங்கத்து ஆற்றிய டீயை, படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிற கதை. வேண்டுமென்றால் எந்தத் தாளிலும் ஒரு பச்சை டிக் வரைந்து அச்சடிக்கலாம். கேட்கிறவரிடம் வாதாடிப் பயனில்லை, அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பெறுகிற இடத்தில் இருந்தால் மட்டும் தாளை வாங்காதீர்கள், கோப்பைக் கேளுங்கள். இங்கே பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களுக்கு 2019-லிருந்து ஓப்பன்செர்ட்ஸ் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர் டிப்ளோமாவை அந்த வடிவக் கோப்பாகக் கொடுத்தால், தளத்தில் இழுத்துப் போட்டவுடன் யார் வழங்கியது, மாற்றம் உண்டா என்று சொல்லிவிடும். நான் ஆள் எடுக்கும்போது பாலிடெக்னிக் பிள்ளைகளிடம் அதைத்தான் கேட்கிறேன்.

சட்டப் பக்கம் கொஞ்சம். சிங்கப்பூரின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் முதலில் 1998-ல் வந்தது, 2010-ல் புதிதாக இயற்றினார்கள், 2021-ல் திருத்தினார்கள். டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டால் ஒப்பந்தமே செல்லாது என்று யாரும் பயப்பட வேண்டாம். 2005-ல் ஒரு கிடங்கு வாடகை வழக்கில், மின்னஞ்சலின் அனுப்புநர் வரியில் இருந்த பெயரே கையொப்பமாகப் போதும் என்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜூடித் பிரகாஷ் தீர்ப்பளித்தார். அப்படியானால் நமக்கு இந்தச் சிரமம் எதற்கு? நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதற்காக. ‘பாதுகாப்பான மின்கையொப்பம்’ என்று சட்டத்தின் 18-ஆம் பிரிவு ஒன்றைச் சொல்கிறது. அது அந்த ஆளுக்கே உரியதாக இருக்கவேண்டும், அவரை அடையாளம் காட்டவேண்டும், அவருடைய கட்டுப்பாட்டில் மட்டும் இருக்கும் வழியில் போடப்பட்டிருக்கவேண்டும், ஆவணம் மாறினால் செல்லாமல் போகும்படி அதோடு பிணைந்திருக்கவேண்டும். இத்தனையும் இருந்தால் அது அவர் போட்டதுதான், ஒப்புக்கொள்ளும் எண்ணத்தோடுதான் போட்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்கிறவர்தான் நிரூபிக்கவேண்டும்.

இதில் மனிதர்கள் சறுக்குவது ‘அவருடைய கட்டுப்பாட்டில் மட்டும்’ என்ற இடத்தில். எங்கள் முதலாளிக்குச் சென்னையிலும் ஒரு கம்பெனி உண்டு. இந்தியாவில் கம்பெனிப் படிவங்களைத் தாக்கல் செய்ய இயக்குநருக்கு டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வேண்டும், யூஎஸ்பி டோக்கனில் வரும். அந்த டோக்கன் இருப்பது ஆடிட்டர் ஆபீஸ் மேசை டிராயரில். பல இயக்குநர்களின் டோக்கன்கள் ஒரே டப்பாவில், ஒவ்வொன்றிலும் பெயரும் பின் எண்ணும் எழுதிய ஸ்டிக்கர். வசதிதான், இவர் இங்கே தூங்கிக்கொண்டிருக்கும்போது அங்கே தாக்கல் முடிந்துவிடும். அந்தக் கணக்குகளில் எந்த ஓட்டையும் இல்லை, ஹாஷ் சரி, சாவி சரி, சான்றிதழ் சரி. போட்ட ஆள் மட்டும் வேறு. பின்னால் ஏதாவது படிவத்தை ‘நான் போடவில்லை’ என்று சொல்லும் நிலை வந்தால், அந்த ஸ்டிக்கரைப் பற்றி யாரிடம் சொல்வது? சொல்லிப் பார்த்துவிட்டேன், “அவர் நம்ம ஆளும்மா” என்கிறார்.

சிங்கப்பூர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழி இதைவிட எனக்குப் பிடிக்கும். 2003-ல் வெறும் பாஸ்வேர்டாகத் தொடங்கிய சிங்பாஸில், 2020 நவம்பரில் டிஜிட்டல் கையொப்பமும் வந்தது. ஆவணம் இருக்கும் தளத்தில் கியூஆர் குறி வரும், போன் செயலியால் ஸ்கேன் செய்து, முகமோ விரலோ பாஸ்கோடோ கொடுத்தால் கையொப்பம் விழும். ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கும் சிங்பாஸ் உண்டு என்பதால் டோக்கன், டப்பா, ஸ்டிக்கர் எதுவும் தேவையில்லை. போன் அவரவர் பையில் இருக்கிறது.

ஆனால் அதே வசதியைத் திருப்பியும் விடலாம். 2022-ல் போலீஸ் எச்சரித்தார்கள்: கருத்துக்கணிப்பு, பரிசு என்று சொல்லி ஒரு சிங்பாஸ் கியூஆர் குறியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். குறி அசல்தான். வேறு ஏதோ ஒரு சேவையின் தளத்தில் மோசடிக்காரர் திறந்து வைத்திருக்கும் குறி அது. நீங்கள் ஸ்கேன் செய்து ஒப்புக்கொண்டால் உங்கள் பெயரில் அவர் உள்ளே போய்விடுவார். தங்குவிடுதியில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் தமிழில் சொல்லி வைத்திருப்பது இதுதான்: நீயாகப் போன தளத்தில், உன் கண்முன் திரையில் வந்த குறியை மட்டும் ஸ்கேன் செய். யாரோ அனுப்பியதைச் செய்யாதே. செயலியில் வருகிற ஒப்புதல் திரையில் எந்தச் சேவை, எந்த முகவரி என்று படி, புரியவில்லை என்றால் மூடிவிட்டு எனக்குப் போன் பண்ணு. ஆபீசுக்குள்ளும் இதே விதிதான். “நான் மீட்டிங்ல இருக்கேன், இந்தா போன், நீயே அழுத்திடு” என்று யார் சொன்னாலும் நான் வாங்குவதில்லை.

கையொப்பம் செல்லும் என்பதால் உள்ளே எழுதியிருப்பது உண்மை என்றோ, போட்டவருக்கு அதிகாரம் உண்டு என்றோ ஆகாது. சைட் எஞ்சினியர் ஒருவர் அழகாக டிஜிட்டலாகப் போட்டுக் கொடுத்தாலும், அவ்வளவு தொகைக்கு அவர் போடலாமா என்பதை ஒப்பந்தத்தில்தான் பார்க்கவேண்டும். வாடகை ஒப்பந்தமும் அப்படித்தான். போனில் போட்டுவிட்டோம் என்று முத்திரைத் தீர்வை விட்டுவிடாது. மாதம் 2,500 வெள்ளிக்கு இரண்டு ஆண்டு என்றால் மொத்த வாடகை 60,000, அதில் 0.4 விழுக்காடு 240 வெள்ளி, சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் வருவாய் ஆணையத்தின் தளத்தில் கட்டவேண்டும். அங்கே கிடைக்கும் முத்திரைச் சான்றிதழ் அசலா என்று அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏஜெண்ட் காட்டும் ஸ்கிரீன்ஷாட் போதாது.

சில ஆவணங்களைச் சட்டமே இந்த ஏற்பாட்டிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறது. உயில் அதில் முதன்மையானது. உயிலை டிஜிட்டலாகப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம், தாளில் இரண்டு சாட்சிகள் முன் போடுங்கள். பவர் ஆஃப் அட்டர்னியும் ஒதுக்கப்பட்ட பட்டியலில்தான். இதிலும் ஒரு விலக்கு: நமக்கு மனத்திறன் குறைந்துபோனால் நம் காரியங்களை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் எல்பிஏ. 2022 நவம்பரிலிருந்து அதைப் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தின் தளத்தில், சிங்பாஸ் வழியாகவே செய்யலாம். சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ முன்னிலையில்தான் போடவேண்டும், அதை மட்டும் விட்டுவிட முடியாது.

எங்கள் சூப்பர்வைசர் மன்னார்குடிக்காரர். அப்பாவின் நிலத்தைப் பாகம் பிரிக்க அண்ணனுக்குப் பவர் கொடுக்கவேண்டும். “சிங்பாஸ்லயே போட்டு அனுப்பிடலாமாக்கா? லீவு கிடைக்காது” என்றார். இங்கேயும் செல்லாது, அங்கே இந்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் இதுபோன்ற பவருக்கு இடமில்லை. கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கலாம், அல்லது இங்குள்ள நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படும் சான்று) வாங்கலாம். சிங்கப்பூர் அப்போஸ்டில் உடன்பாட்டில் சேர்ந்து 2021 செப்டம்பர் 16-லிருந்து இது நடப்பில் இருக்கிறது, இந்தியாவும் அதில் உண்டு. எழுதும் முன் மன்னார்குடிப் பத்திர எழுத்தரிடம் வாசகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன், சர்வே எண் ஒன்று தவறினால் எல்லாம் திரும்ப.

முடித்துவிட்டு, ஸ்கேன் எடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்றார். அவர் பார்த்துக்கொள்வதற்காக அனுப்புங்கள். பதிவு அலுவலகத்துக்கு மூலத் தாளே போகவேண்டும், கூரியரில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். வந்த நாள் எது என்று கேட்டால் காட்ட அந்தக் கூரியர் ரசீதுதான் இருக்கும்.